வண்டி போய்விட்டது, பெயர் போகவில்லை: கடலோரத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரமாகப் பழைய வண்டி கைமாற்றிவிடும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம், ஸலாம்.

நான் மண்டபம் பக்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். சண்டைக்காக இதை எழுதவில்லை. வண்டியின் பெயர் மாற்றத்துக்கான 29, 30 பாரங்களில் வாங்குபவர் பெயரே இல்லாமல், விற்கிறவரிடம் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2022 மே மாதம் என் ஆம்னி வேனை விற்றேன். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் வியாபாரம் படுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த இரண்டு மாதத்தில் கைமாறும் வண்டிகள்தான் உங்களுக்கு அறுவடை. வண்டி 2012 மாடல். அடித்தகடு உப்புக்காற்றில் இரண்டு இடத்தில் அரித்து, வெல்டிங் வைத்திருந்தேன். அதை மறைக்காமல் சொல்லியே விற்றேன். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு முடிந்தது. தரகர் தம்பி நல்ல பையன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அண்ணே, பேரு மாத்துறதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க. வண்டி எங்க போயிடப் போகுது, நம்ம ஜில்லாவுக்குள்ளதானே ஓடும்" என்றான்.

போட்டேன். வாங்குபவர் பெயர் காலி, முகவரி காலி, தேதி காலி. பக்கத்தில் நின்ற என் மனைவி, "யாருக்கு விக்கிறோம்னு அதுல எழுத வேண்டாமாங்க?" என்று கேட்டாள். "அவங்க எழுதிக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஒரே ஒரு காரியம் மட்டும் உருப்படியாக நடந்தது. அரசு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற என் மாமா அன்று வீட்டில் இருந்தார். வண்டியை இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று முத்திரைத்தாளில் டெலிவரி நோட் எழுதவைத்து, வாங்கியவரின் கையெழுத்தையும் ஆதார் நகலையும் வாங்கி, "தேதி மட்டும் பத்தாது மாப்ள, மணியையும் போடு" என்றார். காலை 11.20 என்று எழுதினோம். பெரிசு ஓவராகப் பண்ணுகிறாரே என்று அப்போது எனக்குச் சிரிப்பு.

ஜூலையில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு போனில் ஒரு மெசேஜ். போகலூர் டோல்கேட்டில் என் ஃபாஸ்டாகிலிருந்து காசு போயிருக்கிறது. நான் கட்டிலில் படுத்திருக்கிறேன், என் பணத்தில் யாரோ மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஃபாஸ்டாகை மூடாமல் விட்டது என் தவறுதான், மறுநாளே மூடினேன். அடுத்து சீட் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம், அதுவும் என் நம்பருக்கே வந்தது. தம்பிக்கு போன் போட்டேன். "கட்டச் சொல்றேண்ணே" என்றான். நானே கட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னிடம் வாங்கியவர் ஆறு வாரத்திலேயே வண்டியை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். அவரும் கையில் வைத்திருக்கவில்லை.

பெயரை ஏன் மாற்றுவதில்லை என்று ஒரு டீக்கடையில் வைத்து உங்கள் ஆள் ஒருவரிடமே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எத்தனையாவது ஓனர் என்று விழுந்துவிடும். ஒவ்வொரு பெயரும் ஏற ஏற விலை இறங்கும். நடுவில் வாங்கி விற்கிறவர் எவரும் தன் பெயரை ஏற்ற விரும்ப மாட்டார். வெறும் கையெழுத்துப் பாரம் இருந்தால், மூன்று பேர் ஓட்டிய வண்டியும் 'சிங்கிள் ஓனர்' என்றே விலை போகும். அதாவது, என் பெயரைப் பாலீஷ் மாதிரி வண்டிக்குப் போட்டு விற்றிருக்கிறார்கள். அதற்கு எனக்கு யாரும் காசு தரவில்லை!

2023 அக்டோபரில், கடற்கரையோரக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து போன் வந்தது. கரையில் ஓர் ஆம்னி நிற்கிறது, உள்ளே பீடி இலை மூட்டைகள், ஓட்டியவன் இருட்டில் ஓடிவிட்டான், நம்பரைப் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் என்றார்கள். நம் கரையிலிருந்து இலங்கைக்கு பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை எல்லாம் எப்படிப் போகின்றன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புக்கான முதல் அட்டவணையில் இருக்கிறது. மூட்டையில் பீடி இலைக்குப் பதில் அது இருந்திருந்தால் என் கதை வேறு. நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மாமாவையும் டெலிவரி நோட்டையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனாலும் நான்கு தடவை போக வேண்டியிருந்தது, நான்கு நாள் கடை பூட்டு. தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது பாருங்கள், அதற்கு டெலிவரி நோட் எதுவும் செய்ய முடியவில்லை. "கடையில வயரு விக்கிறாரு, ராத்திரியில வேற என்னவோ" என்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடைசியாக வண்டி வைத்திருந்தவர், உங்கள் தம்பியையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். தன்னிடமிருந்து வாடகைக்கு எடுத்துப்போனவன் செய்த வேலை, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். இருக்கலாம். "அண்ணே, நீங்க கோர்ட்ல மனு போட்டு வண்டிய எடுத்துக் குடுங்க. ஆர்சி உங்க பேர்ல இருக்கறதால நான் கேட்டா குடுக்க மாட்டேங்கிறாங்க." ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கியவர், அது தன் வண்டி என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மனு போட மாட்டேன் என்றேன். நான் விற்றுவிட்டேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் போய் என் வண்டி என்று எப்படிக் கேட்பது? அந்த ஆம்னி இன்னும் அங்கேதான் நிற்கிறது. நான் வெல்டிங் வைத்த இடம் இந்நேரம் கழன்று விழுந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இதெல்லாம் நடந்த பிறகுதான் படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு: மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். முதல் கடமை விற்றவனுக்குத்தான். நான் அதைச் செய்யவில்லை, தம்பி பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன். அதே சட்டத்தின்படி ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. 2009-இல் நடந்த ஒரு விபத்து அது. கார் அதற்குள் பல கை மாறியிருந்தது, ஆர்சியில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. இழப்பீடு அவர் தலையில்தான் விழுந்தது. யார் யாரிடம் விற்றார் என்று அடிபட்டவர்கள் தேடி அலைய முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன நியாயம். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அது சரிதான். இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனி கட்டும். கைமாறி ஓடும் வண்டிக்கு எவர் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்?

நமக்கு இது புதிதும் இல்லை. படகு எல்லை தாண்டி இலங்கைப் பக்கம் பிடிபட்டால், அங்குள்ள நீதிமன்றம் யாரை வரச் சொல்கிறது? பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் படகை வெறும் கையெழுத்தில் விற்பாரா எவராவது? நான்கு சக்கரம் என்றதும் ஏன் அந்த அறிவு போய்விடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

தப்பு முழுக்க உங்கள் பக்கம் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவர்களும் படுத்துகிறார்கள். காரை விற்ற மறுவாரம் துபாய்க்கோ சவுதிக்கோ விமானம் ஏறிவிடுகிறார்கள். பெயர் மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தால், ஆர்சியோடு இணைத்த போனுக்கு ஓடிபி போகும். அந்த சிம் எங்கோ பெட்டிக்குள் செத்துக் கிடக்கும். கடன் அடைத்த பிறகும் ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயரை நீக்காமல் வைத்திருப்பார்கள். கீழக்கரையில் ஒரு காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), வாங்கிய காருக்கு ஓடிபி சொல்ல ஆளில்லாமல் எட்டு மாதம் அலைந்ததை என்னிடம் சொல்லி அழாத குறை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். பாரம் 29-இல் வாங்குபவர் பெயரும் முகவரியும் தேதியும் எழுதிய பிறகே விற்பவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். அவரை அங்கேயே உட்காரவைத்து ஓடிபி வாங்கி விண்ணப்பத்தை ஏற்றிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. கமிஷனில் பாதியை வண்டி கைமாறும் அன்று வாங்குங்கள், மீதியைப் புது ஆர்சியைக் காட்டிவிட்டு வாங்குங்கள். வாங்குபவரிடம் ஐயாயிரம் பிடித்து வைத்து, பெயர் மாறியதும் திருப்பிக் கொடுங்கள். ஐயாயிரத்துக்காக அவர் தானே ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்பார்.

விற்கிற கார் கொஞ்ச நாள் உங்கள் ஷெட்டில்தான் நிற்கும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசு விதிப்படி, பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம். பாரம் 29சி கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டால், விற்கும்வரை அதற்கு நீங்களே பொறுப்பு. செலவு, தொல்லை என்று சொல்வீர்கள். என் பெயரில் வண்டி உங்களிடம் நிற்கும்போது அந்தத் தொல்லை முழுக்க என் தலையில் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

இப்போதும் மாதம் ஒருமுறை, வண்டி விவரம் பார்க்கும் அரசு ஆப்பான எம்பரிவாகனில் அந்த நம்பரைத் தட்டிப் பார்க்கிறேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் என் பெயரின் எழுத்துகள் எட்டிப் பார்க்கின்றன. மனைவி, "இன்னும் உங்க பேர்தானா?" என்று கேட்கிறாள், சீரியல் பார்த்துக்கொண்டே.

வீட்டில் அவளுடைய ஸ்கூட்டி ஒன்று விற்பதற்கு நிற்கிறது, டிஎன் 65 நம்பர், டயர் இரண்டும் புதுசு. உங்களில் யாராவது ஆள் கொண்டுவந்தால் கமிஷன் உண்டு. வருகிறவர் ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பாரத்தில் அவர் பெயரை எழுதப்போவது என் மனைவி.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஓர் எலக்ட்ரிகல் கடைக்காரர்