முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். 10 கிலோ தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதத்தைக் கம்பிக்கு அடியில் செருகிக்கொண்டு, எழுவதும் படுப்பதுமாகச் சிட்-அப் எடுக்கிறாய். கடைசி ஐந்தாறு தடவை உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "காலையில கீழ்முதுகு பிடிச்சுக்குதும்மா, பரவால்ல, கோர் ஸ்ட்ராங் ஆவுது" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

28 வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். மைதானத்து வேப்பமர நிழலில் ஒருத்தி படுப்பாள், இன்னொருத்தி அவள் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வாள், ஒரு நிமிஷத்தில் எத்தனை சிட்-அப் என்று நான் விசிலும் கையுமாக எண்ணுவேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "மிஸ், முதுகு வலிக்குது" என்றாள். "பழகினா சரியாயிடும், போ" என்றேன். மறுபேச்சு பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான் என்பது உண்மை. ஆனால் ஒரு குழந்தை வலிக்கிறது என்று வந்து சொன்னதைக் கேட்காமல் அனுப்பியது என் தப்பு. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதே தப்பை நீ உன் உடம்புக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

பாதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எழும்போது பாதி வேலையை வயிறு செய்வதில்லை. தொடையை மடக்கும் தசை இருக்கிறதே, அது செய்கிறது. அந்தத் தசை கீழ்முதுகு எலும்பில் தொடங்கித் தொடை எலும்பில் போய் முடிகிறது. அது இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நசுங்கும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல வருஷம் முதுகெலும்பை ஆராய்ந்தவர் ஸ்டூவர்ட் மெக்கில். ஒரு சிட்-அப்புக்கு முதுகில் விழும் அழுத்தம் 3,000 நியூட்டனுக்கு மேல் என்று அவர் கணக்கிட்டார். 300 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள். எப்போதோ நாலு சிட்-அப் எடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. நீயோ பகல் பூரா லேப்டாப் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவில் எடையும் சேர்த்து 100 தடவை எழுகிறாய். அமெரிக்க ராணுவமே பல வருஷமாக வைத்திருந்த சிட்-அப்பை எடுத்துவிட்டு, 2022-ல் கொண்டுவந்த உடல்தகுதித் தேர்வில் பிளாங்க் வைத்தது, அதாவது முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகத் தாங்கி நிற்பது.

சரி, கோர் என்றால் என்ன? அது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. இங்கே வேலூர் பாகாயத்தில்தான் புரிந்தது. உன் மாமா பனைமரத்திலிருந்து விழுந்த வருஷம் நீ இரண்டாம் வகுப்பு, உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. அங்கே இருக்கும் மறுவாழ்வு மையத்தில் அவனோடு பல வாரம் தங்கினேன். 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்து, அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் வந்த இடம் அது. மாமாவுக்கு அங்கே முதலில் சொல்லிக் கொடுத்தது நடை இல்லை. உட்காரத்தான். தரையில் போட்ட மெத்தையில் காலை நீட்டி உட்காரவைத்து, கையை ஊன்றாதீர்கள் என்றார்கள். அந்தப் பக்கம் சாய்வான், இந்தப் பக்கம் சாய்வான். கொஞ்ச நாள் கழித்து ஒரு ரப்பர் பந்தைப் போட்டார்கள். அதைப் பிடிக்கக் கையை நீட்டினால் உடம்பு சரியும். முதல் தடவை சரியாமல் பிடித்த அன்றைக்கு உன் மாமா அழுதான். நானும் அழுதேன். கை நீட்டும்போது நடுவுடம்பு அசையாமல் நிற்கிறதே, அதுதான் கோர். வயிறு மட்டும் இல்லை. பக்கவாட்டுத் தசை, முதுகை ஒட்டி ஓடும் தசை, மேலே மூச்சுத் தசை, கீழே இடுப்புக் கூட்டைத் தரை மாதிரி தாங்கும் தசை, பின்னால் பிட்டம், எல்லாம் சேர்ந்து சுற்றிலும் கட்டிய கட்டு.

அதனால் உன் ஜிம் பையன் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருக்கும் 14 பயிற்சியிலும் ஒரே கேள்வியைக் கேள்: இதில் என் முதுகு வளைகிறதா, இல்லை வளையவிடாமல் நான் தாங்குகிறேனா? சிட்-அப், உட்கார்ந்து உடம்பை இரண்டு பக்கமும் திருப்பும் ரஷ்யன் ட்விஸ்ட், படுத்தபடி எழும்பிக் கால் விரலைத் தொடும் கிரஞ்ச், இந்த மூன்றையும் அடித்துவிடு. படுத்துக் காலைத் தூக்கி இறக்கும் லெக் ரெய்ஸில் கால் இறங்கும்போது கீழ்முதுகு தரையை விட்டு எழும்பினால் அதையும் இப்போதைக்கு விடு. அதற்குப் பதில் டெட் பக் செய். மல்லாந்து படுத்து, கை இரண்டும் மேலே, முட்டி இரண்டும் மடக்கி இடுப்புக்கு நேரே. மூச்சை விட்டுக்கொண்டே வலது கையைத் தலைப்பக்கமும் இடது காலை முன்பக்கமும் மெதுவாக இறக்கு. விலா எலும்பு மேலே தூக்கிக்கொள்ளக் கூடாது. பிறகு மறுபக்கம்.

நான் ரிட்டயர் ஆன வருஷம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் குனிந்து இழுத்து முதுகைப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். அப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வீட்டுக்கு வந்து போனார். என்னைக் கையும் முட்டியும் ஊன்றி நிற்கச் சொல்லி, கீழ்முதுகில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார். "இப்ப வலது கையும் இடது காலும் நீட்டுங்க" என்றார். நான் டீச்சர் ஆயிற்றே, காலை நன்றாக உயரத் தூக்கினேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, டம்ளர் உருண்டது, நைட்டி பூரா தண்ணீர். "மேல தூக்காதீங்கம்மா. பின்னால சுவரை உதைக்கிற மாதிரி நீட்டுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் மாறிவிட்டது. டம்ளர் நின்றது, தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது. பேர்ட் டாக் என்று உங்கள் ஜிம்மில் சொல்வார்களே, அதுதான் இது. நீயும் டம்ளர் வைத்துச் செய். 100 கிலோ தூக்குகிறவன்கூட இதில் முதல் நாள் தண்ணீரைக் கொட்டுவான்.

மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. இன்னொன்று சைடு பிளாங்க், ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கித் தாங்குவது. முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முட்டியை மடக்கி, முட்டி மேலேயே தாங்கு. காலை நீட்டுவதெல்லாம் அப்புறம். மூன்றாவது அவருடைய கர்ல்-அப். ஒரு காலை நீட்டி, ஒரு முட்டியை மடக்கிப் படு. இரண்டு உள்ளங்கையையும் இடுப்புப் பள்ளத்துக்கு அடியில் வை, முதுகு தட்டையாகிவிடாமல் இருக்கத்தான் அது. தலையும் தோளும் சேர்ந்து தரையை விட்டு எழுந்தால் போதும், ஒரு நாலு விரல்கடை. கழுத்தை மடக்காதே.

எதையும் 10 வினாடிக்கு மேல் பிடித்து நிற்காதே. விட்டு மறுபடி பிடி. முதல் சுற்று 6 தடவை, கொஞ்சம் ஓய்வு, அடுத்தது 4, கடைசியில் 2. களைக்கக் களைக்க எண்ணிக்கை குறைவதால் செய்யும் முறை கெடாது. 5 நிமிஷம் பிளாங்க் நிற்கிறேன் என்று ஆபீஸ் பையன்களோடு பந்தயம் கட்டுவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு இடுப்பு தொங்க ஆரம்பித்ததும் அது பிளாங்க் இல்லை.

இறுக்குவது எப்படி என்று கேட்பாய். விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டு லேசாக இருமு. உள்ளேயிருந்து ஒன்று விரலைத் தள்ளும். அதை இருமாமல், பாதி அளவுக்கு வரவழை. வயிற்றை எக்கி உள்ளே இழுப்பது வேறு, அது வேண்டாம். மூச்சை அடக்கவும் கூடாது. இறுக்கமும் இருக்க வேண்டும், பேசவும் முடிய வேண்டும்.

ஜிம்மில் காசு கட்டியிருக்கிறாய், அங்கேயும் இரண்டு செய். எடையை இழுக்கும் கேபிள் மெஷினுக்குப் பக்கவாட்டில் நின்று கைப்பிடியை நெஞ்சுக்கு நேரே முன்னால் தள்ளு. அது உன்னைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும், நீ திரும்பாதே. பேலோஃப் பிரஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். இன்னொன்று நம் வீட்டு வித்தை. உன் பாட்டி கிணற்றடியிலிருந்து ஒரு கையில் நிறை வாளியோடு வருவாளே, ஞாபகம் இருக்கிறதா? இடுப்பில் குடம் வைத்தால் உடம்பு சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். கையில் வாளி என்றால் அந்தச் சலுகை கிடையாது. பாட்டிக்கு 60 வயசிலும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும், சேலையில் ஒரு சொட்டுத் தெறிக்காது. வாளி வலது கையில் என்றால் இடது பக்க இடுப்புத் தசைதான் உழைக்கிறது. நீ ஒரே கையில் ஒரு டம்பெல் எடுத்துக்கொண்டு 30 அடி நட, கையை மாற்றித் திரும்பி வா. என்னைக் கேட்டால் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

காலையில் எழுந்ததும் செய்யாதே. ராத்திரி படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால்தான் காலையில் எல்லாருமே கொஞ்சம் உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் முதுகுக்குத்தான் அதிகச் சுமை. எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். ஷூ லேஸ்கூட உட்கார்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக் கட்டு. தசைக்கான பயிற்சி வாரத்துக்கு 2 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெக்கிலின் அந்த மூன்றும் 15 நிமிஷத்தில் முடிந்துவிடும், தினமும்கூடச் செய்யலாம்.

தொப்பை இதனால் குறையாது, கண்ணு. அது சாப்பாட்டிலும் நடையிலும்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது.

ஒன்று மட்டும் அலட்சியம் பண்ணாதே. வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினால், பாதம் மரத்துப்போனால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். ஒண்ணுக்குப் போவதில் தடையோ, அடக்க முடியாமல் போவதோ, தொடை இடுக்கில் மரப்போ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே. நடு ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணு.

பொங்கலுக்கு வரும்போது அப்பா சோளிங்கர் மலை ஏற வேண்டும் என்கிறார். 1305 படி. ரோப் கார் இருக்கிறதே என்றேன், படியில்தான் ஏறுவேன் என்று பிடிவாதம். நீ கூடப் போவாய் என்று நம்பித்தான் சரி என்றேன்.

இந்த வாரம் டம்ளரோடு செய்து ஒரு வீடியோ அனுப்பு. போனை முன்னால் வைக்காதே, முதுகு தெரியாது. பக்கவாட்டில், தரையோடு தரையாக வை. சட்டையையும் இழுத்துச் செருகிக்கொள்.

உன் அம்மா