'க்ரூ' படத்துக்கு ஸ்டார் போட்ட இந்தி விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தி சினிமா விமர்சனம் எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

சம்பளம் வராத ஒரு விமானக் கம்பெனில வேலை பாக்குற மூணு ஏர் ஹோஸ்டஸ் தங்கத்தைக் கொள்ளையடிக்கிற கதை 'க்ரூ', 2024 மார்ச் 29 அன்னைக்கு ரிலீஸ் ஆன அந்த இந்திப் படத்தைப் பத்தி நீங்க எழுதினதுல கைக்கு கிடைச்சதை எல்லாம் அப்பவே படிச்சேன், மே மாசம் நெட்ஃபிளிக்ஸ்ல வந்ததும் படத்தை மறுபடி பாத்துட்டு உங்க விமர்சனங்களையும் மறுபடி எடுத்து வச்சு படிச்சேன், அதுக்கப்புறமும் மனசு ஆறல, அதான் உக்காந்து எழுதறேன். தபு, கரீனா கபூர், க்ரித்தி சனோன் மூணு பேரும் கலக்கியிருக்காங்கன்னு கிட்டத்தட்ட எல்லாருமே எழுதினீங்க, சரி. காமெடி நல்லா வந்திருக்குன்னு நிறைய பேரு சொன்னீங்க, அதுவும் சரி. ஆனா அடுத்த பாராவுக்கு வந்ததும் பலபேரு ஒரே இடத்துல போய் நின்னுட்டீங்க. கொள்ளையில லாஜிக் இல்லையாம், ரெண்டாம் பாதில எல்லாமே ஈசியா நடந்துடுதாம், அவ்வளவு தங்கத்தை இப்படியெல்லாம் தூக்கிட்டு வர முடியுமான்னு கேள்வியாம். அதோட ஸ்டாரைப் போட்டு முடிச்சுட்டீங்க.

அந்த ஸ்டாரோட எனக்கு சண்டை இல்ல. ஒண்ணு கூட போடுங்க, ஒண்ணு கம்மியா போடுங்க, அது உங்க இஷ்டம். என் ஆதங்கம் வேற. இந்தப் படத்துல கொள்ளை ரெண்டு தடவை நடக்குது. கடைசில மூணு பொண்ணுங்க அடிக்கிறது ரெண்டாவது கொள்ளை. முதல் கொள்ளை படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நடந்துட்டு இருக்கு, கோஹினூர் ஏர்லைன்ஸ் ஓனர் விஜய் வாலியா தன்கிட்ட வேலை பாக்குறவங்களுக்கு ஆறு மாசமா சம்பளம் குடுக்காம, பி.எஃப் பணத்துக்கும் வழி சொல்லாம, கம்பெனி சொத்தை தங்கமா மாத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இருக்கான். அதைக் கொள்ளைன்னே நீங்க கணக்குல எடுத்துக்கல, ஏதோ கதைக்கு ஒரு பின்னணி மாதிரி ஒரு வரில தாண்டிட்டீங்க.

கொஞ்சம் அந்த தங்கம் போற திசையைப் பாருங்க. வளைகுடாவுல இருந்து இந்தியாவுக்கு தங்கம் வர்றதுதான் நாம காலம்காலமா கேக்குற செய்தி, சென்னையிலயும் திருச்சியிலயும் குருவிங்க, அதாவது கூலிக்கு தங்கம் கடத்திட்டு வர்றவங்க, மாட்டுற செய்தி வராத மாசமே கிடையாது, இறக்குமதி வரி அப்படி, இந்தப் படம் வந்தப்ப அது 15 சதவீதம், அந்த வருஷ ஜூலை பட்ஜெட்லதான் 6 சதவீதம் ஆச்சு. அதனால உள்ள கொண்டு வந்தாதான் லாபம். 'க்ரூ'ல தங்கம் தலைகீழா போகுது, இந்தியாவுல இருந்து அல் புர்ஜ்ங்கற கற்பனை ஊருக்கு, சாக்லேட் ரூபத்துல. கடத்தி விக்கிறதா இருந்தா எவனும் அந்தப் பக்கம் கொண்டு போக மாட்டான். அது கடத்தல் வியாபாரமே கிடையாது, திவால்னு அறிவிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முதலாளி தன் கம்பெனியை காலி பண்றான். லாஜிக் லாஜிக்னு எழுதினீங்களே, படத்தோட மொத்த லாஜிக்கும் இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு. நிதி மெஹ்ரா, மெஹுல் சூரின்னு ரெண்டு பேரு எழுதின கதை, இதை யோசிக்காமலா எழுதியிருப்பாங்க?

வாலியா யாருன்னு உங்களுக்கும் தெரியும், பேரைப் பாத்தாலே புரியும், நீங்களும் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஓனரா இருந்த விஜய் மல்லையாவைக் குறிப்பிட்டு எழுதினீங்க. மல்லையா தங்கம் கடத்தினாருன்னு நான் சொல்ல வரல, அது படத்தோட கற்பனை. ஆனா சம்பளம் கற்பனை இல்லையே. 2005ல ஆரம்பிச்ச கிங்ஃபிஷர்ல ஏறி உக்காந்ததும் திரையில மல்லையாவே வந்து, உங்களை என் வீட்டு விருந்தாளி மாதிரி கவனிச்சுக்க சொல்லியிருக்கேன்னு க்ரூவைப் பத்தி பெருமையா சொல்லுவாரு. அந்த க்ரூவுக்கும் இன்ஜினியர்களுக்கும் பைலட்களுக்கும் 2012ல மாசக்கணக்கா சம்பளம் வரல. ஸ்ட்ரைக் நடந்துச்சு, அக்டோபர்ல விமானம் எல்லாம் நின்னுச்சு, லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணாங்க. அதே அக்டோபர்ல தில்லியில ஒரு ஊழியரோட மனைவி பணக்கஷ்டம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. ஊழியர்கள் சம்பளத்துல வருமான வரின்னு பிடிச்ச டி.டி.எஸ்ஸைக்கூட கம்பெனி முழுசா வருமான வரித்துறைக்கு கட்டலங்கறது தனிக் கேஸ். 2015 டிசம்பர்ல கோவாவுல அவரோட 60வது பிறந்தநாள் பார்ட்டி, என்ரிக்கே இக்லேசியாஸ் வந்து பாடினாரு. 2016 மார்ச் 2 அன்னைக்கு நாட்டை விட்டே போயிட்டாரு, பேங்க்குகளுக்கு வட்டியோட 9,000 கோடிக்கு மேல பாக்கி. அந்த வருஷம் கிங்ஃபிஷர்ல வேலை பாத்த பெண்கள் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினாங்க, இன்னும் எங்க சம்பளம் வரலன்னு. 'க்ரூ' படம் அந்த மடல்ல இருந்து பொறந்த படம் மாதிரிதான் எனக்குப் படுது. ஒருத்தராவது உங்க விமர்சனத்துல அந்தப் பெண்களை நினைச்சுப் பாத்திருக்கலாம்.

இது ஒரு கம்பெனியோட கதைன்னு நினைக்காதீங்க. 2019 ஏப்ரல் 17 ராத்திரி ஜெட் ஏர்வேஸ் கடைசி விமானம் அமிர்தசரஸ்ல இருந்து மும்பைக்கு பறந்துச்சு, ஆயிரக்கணக்கான குடும்பம் நடுத்தெருவுல நின்னுச்சு, அதைக் காப்பாத்தலாமா வேணாமான்னு அஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்து 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் கலைச்சு வித்துடுங்கன்னு சொல்லிடுச்சு. 2023 மே மாசம், 'க்ரூ' எடுத்துட்டு இருந்த அதே வருஷம், கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன்ஸ் நின்னுச்சு. அதாவது இந்தப் படத்தை தியேட்டர்ல பாத்த கூட்டத்துல, படத்துல தபு, கரீனா, க்ரித்தி பண்ற கீதா, ஜாஸ்மின், திவ்யா மாதிரி நிஜமாவே யூனிஃபார்மை மடிச்சு உள்ள வச்சவங்க எத்தனையோ பேரு இருந்திருப்பாங்க.

திவ்யா கேரக்டரையே எடுத்துக்குங்க. ஹரியானா பொண்ணு, ஸ்கூல் டாப்பர், பைலட் படிப்பை முடிச்சுட்டா, வேலை கிடைக்கல, கேபின் க்ரூவா தள்ளுவண்டி தள்ளுறா, வீட்ல பைலட்னு நம்பிட்டு இருக்காங்க. இதை ஒரு காமெடி ட்ராக்னு எழுதினவங்களும் உண்டு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க இன்னைக்கு அரைக்கோடிக்கு மேல ஆகுது, நிலத்தை வித்தோ லோன் வாங்கியோ படிக்க வைக்கிறாங்க, ஒரு ஏர்லைன்ஸ் மூடினா அனுபவம் உள்ள பைலட் எல்லாம் மார்க்கெட்டுக்கு வந்து நிப்பாங்க, புதுசா படிச்சவ எங்க போவா? அந்த ஒரு கேரக்டர்ல அவ்வளவு இருக்கு. கடைசில அவ காக்பிட்ல உக்காரும்போது நீங்க லாஜிக் கேட்டீங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

நானும் சம்பளம் வராத ஒரு கம்பெனில வேலை பாத்தவதான், பேரு வேணாம். விமானக் கம்பெனி இல்ல, ஆனா நடக்குறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். முதல்ல 1ஆம் தேதி வர வேண்டியது 10 ஆகும், அப்புறம் அடுத்த வாரம்னு மெயில் வரும், அப்புறம் மெயிலும் வராது. பே ஸ்லிப் மட்டும் ஒழுங்கா வந்துட்டே இருந்துச்சு, அதுல பி.எஃப் பிடித்தம்னு ஒரு தொகையும் ஒழுங்கா இருந்துச்சு. ஒருநாள் உமங்ங்கற அரசாங்க ஆப்ல பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து பாத்தா சில மாசத்துக்கு எதுவுமே ஏறல. என் சம்பளத்துல கழிச்ச காசு எங்கயோ போயிடுச்சு. யாரும் முகமூடி போடல, துப்பாக்கி காட்டல, ஏ.சி ரூம்ல ஒருத்தர் கையெழுத்துப் போடாம விட்டாரு, அவ்வளவுதான். தபுவோட கீதா பி.எஃப் பி.எஃப்னு அரற்றும்போது தியேட்டர்ல சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா அந்த வசனத்தோட வலி தெரிஞ்சவ சிரிக்கிறது வேற. கீதா ஒருகாலத்துல மிஸ் கர்னால், புருஷன் அருண் கிளவுட் கிச்சன் நடத்துறாரு, கபில் சர்மா அதுல அலட்டவே இல்ல, அவ்வளவு அமைதியான ஒரு ஆளா வந்துட்டுப் போறாரு. மாசக் கடைசில பணம் இல்லாத வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காம பேசுறதை இந்தி காமெடிப் படத்துல நான் அடிக்கடி பாத்ததில்ல.

இப்ப நீங்க கேட்ட லாஜிக்குக்கே வர்றேன். ஏர் ஹோஸ்டஸ் தங்கம் கொண்டு போறதெல்லாம் நடக்குமான்னு ஒரு சந்தேகம் பல பேருக்கு இருந்துச்சு இல்லையா. படம் வந்து ரெண்டே மாசத்துல, மஸ்கட்ல இருந்து கண்ணூர்ல வந்து இறங்குன ஒரு கேபின் க்ரூ பெண்கிட்ட கிட்டத்தட்ட ஒரு கிலோ தங்கத்தை, கடத்தலைப் பிடிக்கிற மத்திய அரசு அமைப்பான டி.ஆர்.ஐ பிடிச்சாங்க, உடம்புக்குள்ள ஒளிச்சு வச்சிருந்ததா சொன்னாங்க. நான் அதை நியாயப்படுத்தல. சினிமால பாத்தா நம்ப முடியாதுங்கறோம், பேப்பர்ல வந்தா சாதாரணமா தாண்டிப் போறோம், அதைத்தான் சொல்றேன்.

படத்துல அந்த சீன் ஞாபகம் இருக்கா, சீனியர் க்ரூ ராஜவன்ஷி நடுவானத்துல மாரடைப்பு வந்து விழுவாரு, காப்பாத்த முயற்சி பண்ணும்போது அவர் உடம்புல கட்டியிருக்கிற தங்க பிஸ்கட் தெரியும். செத்துப்போன மனுஷன் ஒரு பக்கம், ஆறு மாச சம்பளத்தை விட பல மடங்கு தங்கம் இன்னொரு பக்கம், நடுவுல மூணு பேரு. எனக்கு அந்த இடத்துல தங்கத்தை விட அந்த மனுஷனைத்தான் தோணுச்சு. அவருக்கும் சம்பளம் வரலையே, இத்தனை வருஷ சர்வீஸ்ல இருந்த ஒருத்தரு எந்த நிலைமையில இதைக் கட்டிக்கிட்டு வந்திருப்பாரு? டைரக்டர் ராஜேஷ் கிருஷ்ணன் அதைப் பத்தி ஒரு வார்த்தை விளக்கம் குடுக்கல, காமெடியை ஓட்டிக்கிட்டே அதை வச்சுட்டுப் போயிட்டாரு. இதே டைரக்டரோட முந்தின படம் 'லூட்கேஸ்', 2020ல கோவிட் நேரத்துல நேரா ஹாட்ஸ்டார்ல வந்துச்சு, அதுலயும் பிரிண்டிங் பிரஸ்ல வேலை பாக்குற, கைக்கும் வாய்க்கும் பத்தாத ஒரு குடும்பஸ்தன் கையில பணப்பெட்டி கிடைக்கும். ரெண்டு படத்துலயும் ஒரே கேள்விதான், மாசச் சம்பளக்காரன் முன்னாடி பெரும் பணம் வந்து நின்னா என்ன பண்ணுவான். ரெண்டு படத்தையும் சேத்து வச்சு இதைப் பேச வேண்டியது உங்க வேலை இல்லையா?

படத்துல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டாம் பாதி அவசரமா போகுது, உண்மை. அல் புர்ஜ் போனப்புறம் தடங்கல் எல்லாம் இவங்களுக்காகவே விலகிக் குடுக்குது. 'சோளி கே பீச்சே' ரீமேக் எதுக்குன்னு எனக்கும் புரியல. கம்பெனி மூடினதும் மத்த ஊழியர்கள் என்ன ஆனாங்கன்னு இன்னும் பத்து நிமிஷம் காட்டியிருக்கலாம், ரெண்டு மணி நேரம்தான் படம், இடம் இருந்துச்சு. இந்தக் குறையை நீங்க எழுதியிருந்தா கைதட்டியிருப்பேன். ஆனா உங்க பாதி விமர்சனம் ட்ரெஸ்ஸு, மேக்கப்பு, மூணு ஹீரோயின் ஒரே ஃப்ரேம்ல, பொண்ணுங்க படம் ஓடுமா ஓடாதான்னே போயிடுச்சு. படம் உலகம் முழுக்க 150 கோடி அளவுக்கு வசூல் பண்ணிடுச்சு, ஓடுமாங்கற கேள்வி முடிஞ்சுது. அந்தப் பொண்ணுங்க அழகா இருக்கணும்ங்கறது அவங்க வேலைல ஒரு நிபந்தனை, லிப்ஸ்டிக் போட்டு சிரிச்சுக்கிட்டே நிக்கணும், சம்பளம் வராத ஏழாவது மாசத்துலயும் அதே சிரிப்பு சிரிக்கணும். க்ளாமர்னு நீங்க எழுதினது எல்லாம் அவங்களுக்கு கூலி இல்லாத உழைப்பு.

2025 ஜூன்ல ஒரு பாட்காஸ்ட்ல மல்லையா நாலு மணி நேரம் பேசினாரு, ஊழியர்கள்கிட்ட மன்னிப்பும் கேட்டாரு. அதைப் பாத்துட்டு இவர் பக்கமும் நியாயம் இருக்கேன்னு நிறைய பேரு பேச ஆரம்பிச்சாங்க. ஒரு மனுஷன் தன் பக்கத்தைச் சொல்ல நாலு மணி நேரம் கிடைக்குது. அவர்கிட்ட வேலை பாத்தவங்க பக்கத்தைச் சொல்ல, கற்பனைப் பேர்ல, பாட்டு டான்ஸோட, ரெண்டு மணி நேரப் படம் ஒண்ணு கிடைச்சுது, அதுக்கும் நீங்க கஸ்டம்ஸ்ல எப்படி மாட்டாம போனாங்கன்னு கேட்டுட்டீங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படம் ஓ.டி.டிக்கு வந்து கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாத்து எழுதுற பழக்கம் உங்கள்ல பல பேருக்கு உண்டு. 'க்ரூ'வுக்கும் அப்படி ஒண்ணு எழுதுங்க. ஆனா தனியா பாக்காதீங்க, கிங்ஃபிஷர்லயோ ஜெட்லயோ கோ ஃபர்ஸ்ட்லயோ வேலை பாத்த ஒருத்தரைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு பாருங்க, மும்பையில அந்தேரி பக்கம் விசாரிச்சாலே ஆள் கிடைப்பாங்க. அவங்க எந்த சீன்ல சிரிக்கிறாங்க, எந்த சீன்ல சிரிக்காம இருக்காங்கன்னு குறிச்சு வச்சு எழுதுங்க. ஸ்டார் போடாட்டியும் பரவாயில்ல, வந்த அன்னைக்கே படிச்சுடுவேன்.

இப்படிக்கு,
உங்க விமர்சனங்களை விடாம படிக்கிற ஒரு வாசகி