விழாவை மாலையில் வையுங்கள்

வேதாரண்யம் வட்டாரக் கடலோர ஊர்களின் பஞ்சாயத்தாருக்கும் சுதந்திர தின விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 நெருங்குகிறது. தோரணம், மைக் செட், கபடி, உறியடி, பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று வழக்கம்போல் சிறப்பாகவே செய்வீர்கள். நான் கேட்பது நேரத்தைப் பற்றி மட்டும்தான். கொடியைக் காலையில் ஏற்றுங்கள். விழாவைச் சாயங்காலம் வையுங்கள்.

காலை எட்டு மணிக்கு நம் ஊரில் யார் சும்மா இருக்கிறார்கள்? ராத்திரி கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் கரை சேரும் நேரம் அது. ஒரு பக்கம் ஏலம் நடக்கும், இன்னொரு பக்கம் பெண்கள் மீன்கூடையோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். உப்பளத்துக்குப் போகிறவர்களோ விடியும் முன்பே பாத்தியில் இறங்கியிருப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெளுப்பில் கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி மழை வரும்வரைதான் உப்பு என்பதால் ஆகஸ்டில் ஒரு நாள் கூலியை விட யாருக்கும் மனசு வராது.

போன வருஷம் எங்கள் விழாவில் பிள்ளைகள் உப்பு சத்தியாகிரகத்தை நடித்துக் காட்டினார்கள். உப்புக்குப் பதில் கோலமாவு. அதை அள்ளிக் கையை உயர்த்திய பையனுக்கு அப்படியொரு கைதட்டல். அவன் அம்மா அந்நேரம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தார். காலில் சேறு காயாமல் அவர் ஓடி வந்தபோது நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தே 28-ஆம் தேதி நம் ஊருக்கு வந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் அசரவில்லை, வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தார்கள். தான் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்த வைரப்பன் ஜெயிலுக்குப் போனார். தலைவர்கள் வந்தார்கள், சரி. ஆனால் கை கொடுத்தவர்கள் பொட்டலம் கட்டியவர்களும் கத்தியைக் கீழே வைத்தவரும்தான். அந்த ஊரில் உப்பு வாருகிறவருக்கு விழாவில் இடமில்லை என்றால் எப்படி?

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும், கடற்காற்றும் வீசும். வடம் இழுக்கும் போட்டியில் உப்பளத்துக்காரர்கள் ஒரு பக்கம், படகுக்காரர்கள் ஒரு பக்கம் நிற்கட்டும். பெண்களுக்கும் தனியாக ஒரு சுற்று வையுங்கள், கோலப்போட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், காலையில் கொடியேற்ற உப்பளத் தொழிலாளி ஒருவரையும் மீன் விற்கும் அம்மா ஒருவரையும் அழையுங்கள். அன்றைய கூலியை விழாக் குழுவே கொடுத்துவிடலாம். ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைக் குறைத்தாலே அந்தப் பணம் வந்துவிடும்.

இன்னொன்று. விழாவுக்கான ஆலோசனைக் கூட்டத்துக்கு உப்பளத்துப் பெண்களில் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். அந்தக் கூட்டத்தையும் இருட்டிய பிறகே வையுங்கள். ஆள் திரட்டவும் பந்தல் கட்டவும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்