ஒருவர் செல்லும் படகுக்கு 40 குதிரைத்திறன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறையுள்ள சிறு எஞ்சின் படகை வீட்டு வாசலிலேயே கட்டி, தனி ஆளாகக் கடலோரப் பயணம் போக ஆயத்தமாகும் இளைஞரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் 17 அடிப் படகில் 40 குதிரைத்திறன் எஞ்சினும், நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் அறையும் அமைவதையே அதன் பெருமைகளாகக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். தொண்டியில் என் வீட்டுக் கொட்டகையில் அதே நீளத்தில் ஒரு படகைக் கட்டி, மூன்று ஆண்டுகளாகப் பாக் விரிகுடாவில் ஓட்டி வருபவன் என்ற முறையில், இரண்டுமே தவறு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீரை ஒதுக்கிக்கொண்டு ஓடும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது தெரிந்துவிடும். என் படகு நீர்மட்டத்தில் 16 அடி; ஆகவே 5.36 கடல் மைல், ஏறத்தாழ மணிக்கு 10 கிலோமீட்டர். அலையில்லாத கடலில் 600 கிலோ படகை அந்த வேகத்தில் கொண்டுசெல்ல 3 குதிரைத்திறன் போதும். எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மும்மடங்கு ஒதுக்கினாலும் நம் நாட்டுப்படகுக்காரர்கள் மாட்டும் 9.9 எஞ்சினே போதுமானது. 40 குதிரைத்திறன் படகை நீரின்மேல் எழுப்பி வழுக்கியோட வைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாக் விரிகுடா ஆழமற்றது. காற்று சற்று வலுத்தாலே குட்டையாகவும் நெருக்கமாகவும் அலை எழும். அதில் வழுக்கியோடும் படகு ஒவ்வோர் அலைக்கும் அடிபட்டு விழும். ஒரு மணி நேரத்தில் படகு தாங்கினாலும் ஓட்டுபவரின் இடுப்பு தாங்காது. மண்டபத்திலிருந்து தொண்டிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன். தனியே போகிறவருக்கு இதைவிட என்ன அவசரம்?

கட்டுரையில் எங்குமே வராத சொல் எடை. படம் வரையும் முன்பே எடைக் கணக்கு எழுதப்பட வேண்டும். 9 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று 18 கிலோவுக்குக் குறையாது, 6 மி.மீ. பலகை 12 கிலோ. சட்டம், எபாக்சிப் பசை, கண்ணாடி இழைத்துணி எல்லாம் சேர்ந்து என் படகின் கூடு மட்டும் 285 கிலோ. அதன்மேல் எஞ்சின் 44, பெட்ரோல் 50 லிட்டருக்கு 37, குடிநீர் 40, பேட்டரி 20, நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 20, அரிசி, அடுப்பு, படுக்கை, துணிமணி 50, கடைசியாக நான் 72. நான்கு ஸ்ட்ரோக் 40 குதிரைத்திறன் எஞ்சினோ, தான் ஒன்றே 90 கிலோவைத் தாண்டும்; அதுவும் படகின் பின்முனையான கடையாலின் விளிம்பிலேயே தொங்கும்.

கூட்டுத்தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதைக் கடலில் இறக்கிய அன்றே கற்றேன். கைக்கு எட்டட்டும் என்று பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் பின்னிருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். படகு மிதந்ததும், நான் பென்சிலால் கோடு போட்டிருந்த நீர்மட்டத்துக்கு மேலே முன்முனையான அணியம் தூக்கி நிற்க, கடையால் தாழ்ந்து கிடந்தது. கரையில் நின்ற மீனவப் பெரியவர் ஒருவர், “மாப்பிள்ளை, படகு வானம் பாக்குதே” என்று சிரித்தார். அவ்விரண்டையும் 2 மீட்டர் முன்னே நகர்த்தியதும், முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வேறுபாட்டில் சுமார் 5 செ.மீ. குறைந்தது. 57 கிலோதான்; ஆனால் அத்தனை சிறிய படகில் அது என்னைப்போல் முக்கால் ஆள்.

அறையின் உயரமும் இதே கணக்கில்தான் அடங்கும். நின்றால் தலை இடிக்காத அறையை 17 அடிப் படகில் கட்டினால், அது படகன்று, பாய். வாடை வீசும்போது அந்தச் சுவரைப் பிடித்துக் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும், எடையும் மேலேறிவிடும். உட்கார்ந்தால் தலைக்கு மேல் நான்கு விரல் இடம் போதும் என்று முடிவு செய்து, கொட்டகைத் தரையில் அட்டைப்பெட்டிகளை அறைபோல் அடுக்கி, ஒரு பிற்பகல் முழுவதும் அதற்குள் உட்கார்ந்தும் படுத்தும் பார்த்த பிறகே மரம் அறுத்தேன். அகலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கலாம். சாயாமல் நிமிரும் ஆற்றலில் பெரும்பங்கு நீர்மட்ட அகலத்தின் முப்படியைப் பொறுத்தது, 1.4 மீட்டரை 1.6 ஆக்கினால் அந்தப் பங்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

பலகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படகுக்கு ஏற்ற பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரை குத்திய பலகை என்று ஒரு கடையில் வாங்கியதில் ஒரு துண்டை, வீட்டாரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், வெந்நீர் அண்டாவில் போட்டு ஒரு பகல் கொதிக்க வைத்தேன். மாலையில் உளியின் முனை பட்டதும் அடுக்குகள் அப்பளம்போல் பிரிந்தன. முத்திரையை நம்பியிருந்தால் கடலில்தான் தெரிந்திருக்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்து மசூலாப் படகு கட்டிய கரை நம்முடையது. இன்று செம்புக் கம்பியால் தைத்து எபாக்சி பூசுகிறோம், அவ்வளவே. தையல் எத்தனை நன்றாக இருந்தாலும் மட்டமான பலகையைக் காப்பாற்றாது.

தனி ஆள் படகில் எல்லா வேலையும் ஓட்டுமிடத்திலிருந்தே முடிய வேண்டும். நங்கூரக் கயிற்றை அணியத்து உருளை வழியாகப் பின்னுக்கே கொண்டுவந்துவிட்டேன். விளிம்பில் நடந்து முன்னே போக வேண்டியதில்லை. கடையாலில் நீருக்குள் இரண்டு படி இறங்கும் ஏணி உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு எப்போதும் என் மணிக்கட்டில் இருக்கும். தாங்கள் வெளியிட்ட படத்தில் அந்த இளைஞர் சிரித்தபடி எஞ்சினருகே நிற்கிறார். மணிக்கட்டில் கயிறும் இல்லை, பின்புறத்தில் ஏணியும் இல்லை. கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், அவருடைய எடைக் கணக்கையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
தொண்டி.