ஸ்டீல் கிட்டாரைச் சாதா கிட்டாராக்கிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மெல்லிசை மேடைகளின் மூத்த ஸ்டீல் கிட்டார் கலைஞர் மறைந்ததைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். நன்றி. ஆனால் கூடவே அச்சான படம் தோளில் மாட்டி வாசிக்கும் சாதா கிட்டார். ‘தந்திகளை அழுத்தி மாயம் செய்த விரல்கள்’ என்று ஒரு வரி வேறு. கச்சேரியில் அவருடைய இடதுகை விரல் எதுவும் தந்தியை அழுத்தியதே இல்லை. அந்த வாத்தியமே அப்படித்தான்.

கிட்டாரை மடியிலோ ஸ்டாண்டிலோ மல்லாக்கக் கிடத்தி, எஃகு உருளையைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது ஸ்டீல் கிட்டார். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்ற சிறுவன் 1889 வாக்கில் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். கோட்டு வாத்தியத்தில் மரக்கட்டையை நகர்த்தும் நமக்கு இது அந்நியமில்லை. கிட்டார் கலைஞர்கள் வான் ஷிப்ளி, சுனில் கங்குலி இசைத்தட்டுகளில் இந்திப் பாட்டு மெட்டுகள் இதில்தான் வந்தன. 1967-இல் சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவோடு பிரிஜ் பூஷண் காப்ரா ராகம் வாசித்துக் காட்டியதும் இப்படிக் கிடத்திய கிட்டாரில்தான்.

நம் சேலத்துக் கலைஞரின் கையிலிருந்த உருளை சுமார் 3 அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம், எடை 170 கிராம் இருக்கும். சேலத்துக்காரருக்கு ஸ்டீலுக்கு என்ன பஞ்சம் என்று அறிவிப்பாளர்கள் ஜோக் அடிப்பதுண்டு. உருக்காலையில் வருவது தகடும் சுருளும். இது கடைசல் வேலை. கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டும். வியர்வைக் கையோடு அப்படியே பெட்டியில் போட்டால் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழும். பிறகு தடித்த சுற்றுக்கம்பிகளில் நகரும்போதெல்லாம் ‘சர்ர்’ என்று இரையும். எமரித்தாளால் தேய்த்தால் முலாமும் போய்விடும். பருத்தித் துணியால் துடைத்து, தனியாகச் சுற்றி வைப்பார்.

அவர் சுருதி சேர்த்த முறை, தடித்த தந்தியிலிருந்து சொன்னால், ப ஸ ப ஸ க ப. ஆறு கட்டை, அதாவது ஸ என்பது ஏ சுரம். சாதா கிட்டாரின் டி, ஜி, பி சுரங்களில் பேசும் நடுத் தந்திகள் மூன்றை மட்டும் ஒவ்வொரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) ஏற்றினால் இது கிடைக்கும்; மற்ற மூன்றையும் தொட வேண்டாம். சிலர் ஸ க ப ஸ க ப என்று வைப்பார்கள். அதற்குத் தடித்த தந்தியை ஈ-யிலிருந்து ஏ வரை இழுக்க வேண்டும். சாதா செட்டிலேயே இழுத்தால் தந்தி அறும், இல்லையென்றால் உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயரும். அந்தச் சுருதிக்கென்று தனித் தந்தி போடாமல் முயல்வது வீண்செலவு.

சாதா கிட்டாரில் கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகள் இரண்டுக்கு நடுவே எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாகப் பேசும். இதில் உருளை ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். தந்தியோ பலகையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும், சுரம் பிசகும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: உருளைக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியைப் பூப்போல வருடிக்கொண்டே வரும். உருளைக்குப் பின்பக்கத் தந்தியும் அதிரும். அதை அடக்கத்தான் அந்த வருடல். வலது உள்ளங்கை ஓரம், வேண்டாத தந்திகளை ஒவ்வொரு மீட்டுக்கும் நடுவே அமர்த்தும். இந்த அடக்கம் இல்லாதவர் வாசித்தால் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் வழிந்து சைரன் மாதிரி ஆகிவிடும். அவர் வாசிப்பில் பாட்டின் சொல்லே கேட்கும் என்பார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஏற்காடு கோடை விழாவுக்குப் போகும் இளைஞர்கள் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் சேர்த்த சுருதி 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் அப்படியே நிற்காது. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி விறைக்கும், சுருதி ஏறும். மேடை விளக்கின் சூடு பட்டால் இறங்கும். அவர் அரை மணி நேரம் முன்னதாகவே பெட்டியைத் திறந்து மேடையில் வைத்துவிட்டு, விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் சுருதி சேர்ப்பார்.

இதை எழுத முக்கியக் காரணம் வேறு. அவருடைய கிட்டார் மட்டுமல்ல, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் இப்படிப்பட்ட கிட்டார்கள் கிடக்கின்றன. பேரப்பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்று எடுத்துக் கடையில் கொடுக்கிறார்கள். தந்தி இவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்த்து, கழுத்து வளைந்துவிட்டது என்று சொல்லி, கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டை அராவித் தாழ்த்திவிடுகிறார்கள். வளையவில்லை, வேண்டுமென்றே உயர்த்தியது. சாதா நட்டின் மேல் கவிழ்த்த உலோக நட்டாக இருந்தால் தந்தியைத் தளர்த்தினாலே கையோடு வந்துவிடும். பத்திரப்படுத்தினால் பிறகு மாட்டிக்கொள்ளலாம். சதுரக் கழுத்தும், பதித்த ஃப்ரெட்டுக்குப் பதில் வரைந்த கோடும் இருந்தால் அது பிறவி ஸ்டீல் கிட்டார். அதை என்ன செய்தாலும் சாதா கிட்டார் ஆகாது.

ஓட்டு வீட்டுப் பரணில், சேலத்துச் சித்திரை வெயிலில், பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை இளகும். கீழே இறக்கி, தந்திகளை ஒரு முழுச்சுரம் தளர்த்தி, சுவரை ஒட்டாமல் பெட்டியில் வையுங்கள். மின்கிட்டாரில் வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்பினால் போதும். தேங்காயெண்ணெய் விட வேண்டாம்.

ஞாயிறு மலரில் அவரைப் பற்றி விரிவாக எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது மடியில் கிட்டார் இருக்கும் படமாகத் தேடிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இசைக்கருவி பழுது பார்க்கும் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.