எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் முகப்பு விளக்குகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் காருக்குத் தங்களிடம் வாங்கிய முகப்பு விளக்குகள் தகுதி ஆய்வில் இருமுறை தள்ளப்பட்டமை – மாற்று விளக்குகளும் இழப்பீடும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். தங்கள் சேவை எண்ணில் பதினொரு முறை பேசி, மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பி, கொல்லம் வரை காரையே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிய பிறகு, இனி வாயால் பேசத் தெம்பில்லாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறார். ஆகவே நான்கு மாதக் கதையை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அருள்கூர்ந்து கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

கார் என் தகப்பனார் வாங்கிய மார்க் 2 அம்பாசிடர். பழைய வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 25-ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. இதுவரை எந்த ஆய்விலும் விளக்குக்காக இந்த வண்டி திரும்பி வந்ததில்லை. இம்முறை ஆய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பழைய சீல்டு பீம் விளக்குகளில் ஒன்று எரிந்துபோயிற்று. அதில் பல்பை மட்டும் மாற்ற வழி கிடையாது. டூம் எனப்படும் முழு விளக்கையுமே மாற்றியாக வேண்டும். அதனால்தான், அட்டைப்பெட்டியில் ‘அம்பாசிடருக்குப் பொருந்தும், 7 அங்குலம், 12 வோல்ட், 60/55 வாட் ஹாலஜன்’ என்று தாங்கள் அச்சிட்டிருந்ததை நம்பி, ஓர் இணையை 3,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பொருந்தியது என்னவோ உண்மை. வளையமும் கிண்ணமும் குறையில்லாமல் உட்கார்ந்தன.

ஆய்வு நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் – எங்கள் பக்கத்தில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம் – பிரேக், ஹாரன், வைப்பர், புகை எல்லாவற்றையும் பார்த்து, வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னார். அதன் பிறகு டிம் விளக்கைப் போடச் சொல்லி எதிரே போய் நின்றவர், உடனே கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கிறது, சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்றே தங்கள் சேவை எண்ணை அழைத்தேன். டயரில் காற்று குறைவாக இருக்கும் என்றார் ஒருவர். அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைத் திருகுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பல்பைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றார். இந்த விளக்கில் போடும் ஹெச்4 வகை ஹாலஜன் பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு என்பதும், அவற்றுள் ஒன்று பெரிதாக இருப்பதால் அந்தப் பல்பு ஒரே வாகில்தான் உட்காரும் என்பதும் விளக்கு விற்கும் நிறுவனத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாமா, ஐயா? என் போன்ற வாடிக்கையாளருக்குத் தெரியாதிருந்தால் குற்றமில்லை.

இருந்தும் தாங்கள் சொன்ன அனைத்தையும் செய்தேன். மைத்துனரின் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் மட்டம் பார்த்துப் போட்டது. அங்கே வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து, 10 மீட்டர் தள்ளியிருந்த சுவரில் விளக்கு மையத்தின் உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடும், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் போட்டு, இருட்டிய பிறகு மேல் ஸ்க்ரூவையும் பக்க ஸ்க்ரூவையும் கால் சுற்று கால் சுற்றாகத் திருகினோம். மூன்று இரவுகள் இதே வேலை. இடப்பக்கம் ஒளியின் மேல் விளிம்பு கோட்டில் ஒழுங்காக நிற்கும். வலப்பக்கமோ அது சரிவாக மேலே ஏறிப் போகும். வலப்பக்கத்தை இறக்கினால் இடப்பக்கம் வண்டியின் மூக்குக்கு முன்னால் விழுந்துவிடும். பிரைட்டில் ஒரு குறையும் இல்லை, டிம்மில்தான் இந்தக் கோளாறு. இதைச் சுவர்ப் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. இரண்டாவது ஆய்விலும் வண்டி திரும்பியது.

அதற்குப் பிறகுதான் கொல்லம் பயணம். நான்கு மாதத்தில் பட்ட எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், இதை மட்டும் மன்னிக்க மாட்டேன். தங்கள் சேவை எண்ணில் பேசியவரே, வண்டியைக் கொல்லத்திலுள்ள தங்கள் விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு செல்லுங்கள், வல்லுநர் பார்ப்பார் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார். போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அதுவும் சாரல் காலத்தில், புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக. போய்ச் சேர்ந்தால் வல்லுநர் விடுப்பு. முகப்பில் இருந்த இளைஞர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நாளை வாருங்கள் என்றார். செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன், வண்டி வாசலில் நிற்கிறது, எழுந்து வந்து பார்க்கவாவது செய்யுங்கள் என்று கேட்டேன். அவர் எழவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் மலையாளத்தில், ‘ஆக்ரிக்காரனு கொடுக்கான் பற’ என்றார். பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல் என்று பொருள். ஐயா, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் செங்கோட்டை. என் தகப்பனார் மலையாளத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர் ஓட்டிய வண்டியைப் பற்றி அந்த மொழியிலேயே இப்படிச் சொன்னால் எனக்குப் புரியாது என்று அந்த இளைஞர் எப்படி நினைத்தார்?

திரும்பும்போது தென்மலையிலேயே இருட்டிவிட்டது. மேலே மூடுபனி. டிம் போட்டால் எதிரே வரும் லாரிகள் விளக்கை அடித்து அடித்து எச்சரிக்கின்றன. ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தே சத்தம் போட்டார், அவர் பேசியதில் நியாயமும் இருந்தது. விளக்கை இறக்கி வைத்தால் பாதை தெரியவில்லை. ஒரு வளைவில் யாரையாவது இடித்திருந்தால் என் குடும்பமும் இன்னொரு குடும்பமும் அன்றோடு அழிந்திருக்கும். வீட்டுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது ஆரியங்காவில் ஓரம் கட்டி, விடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது அறுபத்து மூன்று.

கோளாறு இன்னதென்று கண்டுபிடித்தவர் தென்காசியில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் வயரிங் மிஸ்திரி. பத்து நிமிடம் ஆகவில்லை. விளக்குகளைக் கழற்றக்கூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து பொறித்த ஐரோப்பிய முத்திரை இருக்கிறது. அந்த முறைப்படி, நம்மைப்போல் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்காக இருந்தால், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் நோக்கும் அம்புக்குறி ஒன்று கண்ணாடியில் இருக்க வேண்டும். தங்கள் விளக்குகளில் அம்புக்குறியே இல்லை. அதாவது, அவை வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்தவை. அங்கே வலப்புறச் சாலையோரம் தெரிவதற்காக ஒளியை அந்தப் பக்கம் தூக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பக்கம்தான் எதிர்வண்டி வருகிறது. கண்ணாடியிலேயே வார்த்துவிட்ட அமைப்பை எந்த ஸ்க்ரூவைத் திருகி மாற்ற முடியும்? எட்டு மீட்டர் தொலைவில், விளக்குக்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பவரின் கண் கூசக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி சொல்கிறது. தங்கள் விளக்கு அடிப்பதும் அதே வலப்புறத்தில்தான்.

முன்பே எழுதியிருக்க வேண்டிய ஒன்று: ரசீதில் தங்கள் பொருள் எண் தெளிவாக இருக்கிறது. பதினொரு அழைப்பிலும் அந்த எண்ணைக் கேட்டார்கள், நானும் சொன்னேன். அதை வைத்து இது எந்த நாட்டுக்கான விளக்கு என்று பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தங்கள் பொருளைத் தாங்கள் அறிவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் என் வண்டியையும் என் ஸ்க்ரூக்களையும் என்னையுமே குறை சொல்லிக்கொண்டு நான்கு மாதம் கழித்தேன். இதற்கிடையில் பதிவுச் சான்று காலாவதியாகிவிட்டது. வண்டி கொட்டகையில் நிற்கிறது. என் மகள் திருமணத்துக்கு மணமக்களை அந்த வண்டியில் அழைத்துவர வேண்டும் என்ற என் ஒரே ஆசையும் போயிற்று. அதற்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

தங்கள் நிறுவனத்தோடு சண்டை போடுவது என் நோக்கமன்று. இடப்பக்கச் சாலைக்கான சரியான விளக்கு இணை ஒன்றை என் வீட்டுக்கே அனுப்பி, ஆய்வுச் செலவு, கொல்லம் பயணச் செலவு, அலைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 75,000 ரூபாய் இழப்பீடு தருமாறு பணிவுடன் கேட்கிறேன். இதே பொருள் எண்ணில் விளக்கு வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்களும் இரவில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு நிற்க மாட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். அப்போது தாங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். அந்த நிலை வராமல் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

ரசீது, சுவர்ப் படங்கள், இரண்டு ஆய்வுக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். விளக்குகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாற்று விளக்குகள் கைக்கு வரும்வரை திருப்பித் தரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
செங்கோட்டை.

பின்குறிப்பு: கொல்லம் விற்பனைக்கூடத்தில் அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு முகப்பில் இருந்தவர் யார் என்பது தங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அவர் வேலையை இழக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தம் கைப்பட நான்கு வரி வருத்தம் தெரிவித்து எழுதட்டும். மலையாளத்தில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.