கணக்கெடுப்புப் படிவத்தில் எங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தார். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாடுகிறார்கள், சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று இருந்தது. யாரோ பெற்ற பிள்ளைகள் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது நல்ல விஷயம். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றியது. பதிலோடு, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நாங்கள் சென்னை ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, அடுத்தவனுக்கு ஏழு, மூன்றாவது பையனுக்கு நாலு, கடைக்குட்டிக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. யாரும் பள்ளிக்குப் போகவில்லை. என் கணவரின் ஒரு சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது, நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். இதில் பொழுதுபோக்கு எங்கே இருக்கிறது என்று அந்த வாசகர் ஒருநாள் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடமே கூடாது என்று பேசுகிற ஆள் நான் இல்லை. என் அம்மா அரசுப் பள்ளியில் படித்து ஆளானவர். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பசியில்லாமல் வகுப்பில் உட்கார வைக்கிறது என்று என் தெருவிலேயே பார்க்கிறேன். எல்லோரும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. பகல் முழுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், பொறுமை வேண்டும், கட்டுப்படியாக வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது ஒத்துவராது. எங்களுக்கு ஒத்துவந்தது, அவ்வளவுதான். மூத்தவள் இரண்டாம் வகுப்புவரை ஒரு தனியார் பள்ளிக்குப் போனவள். காலை ஏழுக்கெல்லாம் வேன், திரும்பி வர நாலரை, அதற்குமேல் ராத்திரி சாப்பாடு வரைக்கும் வீட்டுப்பாடம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதை கேட்கக்கூட நேரம் இல்லாத நாள் எதற்கு என்று நானும் கணவரும் பல நாள் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

சரி, நாலு பேரை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடக்கும்? எங்கள் வீட்டுக் கால அட்டவணையைப் போடுவது கடைக்குட்டியின் தூக்கம். பத்தரை வாக்கில் அது தூங்கினால் பன்னிரண்டு வரை வீடு அமைதியாக இருக்கும், கவனம் தேவைப்படுகிற பாடமெல்லாம் அந்த நேரத்தில்தான். மூத்தவள் வகுத்தல் போடுவாள், எங்கே மீதி வருகிறதோ அங்கே நின்றுவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் உடனே சொல்ல மாட்டேன். நாலு வயதுக்காரன் பக்கத்தில் பல்லாங்குழிக் கட்டையில் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகப் போட்டுக்கொண்டிருப்பான். அவனை யாரும் படி என்று சொன்னதில்லை. அக்கா ஐந்தாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல, கொட்டையை எண்ணிக்கொண்டே அவனும் இருபத்தைந்து வரை வந்துவிட்டான். வயதுக்கு ஒரு வகுப்பாகப் பிரிக்காததால் கிடைக்கும் லாபம் இது. பல பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது தானாகவே நடக்கும்.

இரண்டாவது பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயது முடிந்தும் அவனுக்கு வாசிப்பு வரவில்லை. எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க வராது. பாடப் புத்தகத்தை நீட்டினால் எழுந்து ஓடிவிடுவான். ஆனால் பஸ் என்றால் உயிர். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டே, 29சி என்றால் பெரம்பூர், பெசன்ட் நகர், 21ஜி என்றால் தாம்பரம், பிராட்வே என்று முதலில் மனப்பாடமாகச் சொன்னான். அப்புறம் ஒருநாள் தனக்குத் தெரியாத ஒரு வண்டியின் பலகையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி 'திருவான்மியூர்' என்று வாசித்தான். நீளமான பெயர், வாசித்து முடிக்கும்போது வண்டி கிளம்பிவிட்டது, அவன் ரோட்டில் நின்று கத்தினான். இன்று அக்காவின் புத்தகத்தைப் பிடுங்கிப் படிக்கிறான். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் இவன் ஒருவனுக்காக ஓராண்டு பொறுத்திருக்க முடியாது, அது அவர் குறையும் இல்லை.

பெருநகரத்தில் பிள்ளை வளர்ப்பது கஷ்டம் என்கிறார்கள், உண்மைதான். வீடு தேடும்போது வாடகையைச் சொல்லுமுன் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்கள், நாலு என்றதும் அடுத்த வாரம் சொல்கிறோம் என்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். அப்படிப்பட்ட ஊரில் நாலு பிள்ளைகளோடு போகிறவளை எல்லோரும் ஒரு தரம் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இதே நகரம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடமாகவும் இருக்கிறது. சாதாரண பஸ்ஸில் எனக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயதுவரை பிள்ளைகளுக்கும் இல்லை, ஆக அதிகச் செலவில்லாமல் ஊரையே சுற்றலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அந்தப் பெரிய மரத்தடியில் உட்கார்ந்தால் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவருவதுதான் பெரும்பாடு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்றுகொண்டு என் மகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேட எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அங்கே வலசை வரும் பறவைகளைத் தனி நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். வார நாள் காலையில் போனால் இங்கெல்லாம் கூட்டமும் இருக்காது.

எங்கே போனாலும் பிள்ளைகளைப் பார்த்ததும் வாட்ச்மேன், கண்டக்டர், பக்கத்து சீட்டு பாட்டி, எல்லோரும் கேட்பது 'இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?' என்றுதான். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், சிலர் ஆர்வமாக மேலே கேட்கிறார்கள். 'மத்த பிள்ளைங்களோட பழக வேண்டாமா' என்பதும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தெருப் பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள், பாட்டு வகுப்பு இருக்கிறது, எங்களைப்போல வீட்டில் படிக்கவைக்கும் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கடற்கரையில் கூடுகிறோம். இது போதாதென்று சொல்பவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

மனிதர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடலாம், படிவத்துக்குச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான். சதுரங்கப் போட்டியோ ஓவியப் போட்டியோ, விண்ணப்பத்தில் பெயர், வயது, அப்புறம் 'பள்ளியின் பெயர்'. அதை நிரப்பாவிட்டால் விண்ணப்பமே மேலே நகராது. மாணவர் சலுகை என்றால், இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்று பள்ளி தரும் போனஃபைட் சான்றிதழ் கேட்கிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை வீடு வீடாக வந்து பதியும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை தங்கமான மனுஷி. அரை மணி நேரம் உட்கார்ந்தார், நோட்டுகளைப் புரட்டினார், மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மோர் குடித்தார். கடைசியில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, 'எதுல போடறதும்மா?' என்று என்னையே கேட்டார். பள்ளியில் சேராதவர், இடைநின்றவர், இந்த இரண்டில் ஒன்றில்தான் போட வேண்டும். என் மகள் இடைநின்றவள், என் மகன் பள்ளியில் சேராதவன். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பிள்ளையும் அதே கட்டத்தில், வீட்டில் திமிங்கலம் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதே கட்டத்தில்.

இதனால் எங்களுக்கு வரும் சங்கடத்தை விடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. உண்மையிலேயே தேடிப்போய் மீட்க வேண்டிய பிள்ளை அந்தக் கணக்கில் தனியாகத் தெரியாமல் போகிறது. வீட்டில் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்படி வேலைக்கும் ஒரு பெண் பிள்ளையை நிறுத்திவைக்கிற குடும்பம் இருக்க முடியும். பத்து வயதுப் பெண்ணும் அவளுக்குக் கீழே மூன்று சின்னப் பிள்ளைகளும் உள்ள எங்கள் வீட்டைப் பார்த்தாலே யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். கேட்கட்டும். அவள் என்ன படிக்கிறாள், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், குட்டியை யார் தூக்குகிறார்கள் என்று வந்து விசாரிக்கட்டும். அந்தக் கேள்விக்கு ஆண்டுக்கு ஒருமுறை பதில் சொல்ல நான் தயார், நான் அறிந்த மற்ற பெற்றோரும் தயார்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தருவதை அரசின் பொறுப்பாக்குகிறது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காதவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் கிடையாது. வீட்டில் படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே நாங்கள் சட்டத்துக்கு வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. ஜெர்மனியில் வீட்டில் படிக்கவைக்க அனுமதியே இல்லை, அது ஒரு வழி. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு, உதாரணத்துக்கு நியூயார்க் மாநிலத்தில் பெற்றோர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, ஆண்டுக்கான பாடத்திட்டம் தந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்து, ஆண்டு முடிவில் மதிப்பீடும் காட்ட வேண்டும். கேட்கவே நிறைய வேலையாகத் தெரிகிறது, இருந்தாலும் எங்கள் நிலைமைக்கு அது எவ்வளவோ மேல்.

நம் ஊரில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர் தேர்வு, அதாவது பள்ளியில் சேராமலே எழுதும் தேர்வு, நடத்துகிறது, பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளை நேரடியாக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்னதாகப் பதிய வேண்டும். இல்லையென்றால் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்., 1989 முதல் இருக்கிறது. பதினான்கு வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்பில் சேரலாம், ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கு உரிய வகுப்பில் பள்ளியில் சேர்ந்துவிடலாம். எதிர்காலத்தோடு விளையாட்டு என்று எழுதியவர் இந்த வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே பள்ளிக் கல்வித் துறைக்கு உங்கள் நாளிதழ் மூலமாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் 'வீட்டில் கல்வி பெறுபவர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். அதை டிக் செய்யும் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பிள்ளையோடு பேசி, நோட்டுகளைப் பார்த்து ஒரு வரி எழுதட்டும். திருப்தி இல்லையென்றால் அதையும் எழுதட்டும். பள்ளியில் போடும் தடுப்பூசியும் குடற்புழு மாத்திரையும் எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுப்போகாமல் இருக்கவும் அந்தக் கட்டம் உதவும். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாங்களாக நினைவு வைத்துக்கொண்டு போகிறோம், மறந்துவிட்டால் கேட்க ஆளில்லை.

இதைப் படித்துவிட்டு நாமும் செய்யலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளியிலிருந்து நிறுத்துவதென்றால் டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் ஒரே கோப்பில் வையுங்கள், பிள்ளை எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள். அந்த ஆசிரியை வந்தபோது நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை, தேதி போட்ட நோட்டுகளை எடுத்து முன்னால் வைத்தேன்.

இப்படிக்கு,
நான்கு பிள்ளைகளின் தாய்,
ஆதம்பாக்கம், சென்னை.